ஐடி இல்லாதவள்

யாரோ ரவுட்டரை ரீபூட் செய்ததில் சேமிக்காத செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, கம்பெனி இரண்டு மணி நேரம் முடங்கிப்போனது.

"இந்தக் கான்ட்ராக்ட் பொண்ணு வேலைதான் சார். இன்னியோட அனுப்பிடலாம்," என்று டைரக்டரிடம் சொன்னார் மேனேஜர் வரதராஜன்.

அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணு தமயந்தி, தன் லேப்டாப்பை ரவுட்டரோடு கன்சோல் கேபிளால் இணைத்தாள். "யார் பண்ணதுன்னு இதையே கேட்டுடலாம் சார். நீங்க லாகின் பண்ணுங்க. எனக்குத்தான் ஐடி கிடையாதே."

"கான்ட்ராக்ட் ஆளுக்கு எதுக்கும்மா ஐடி?" என்று சிரித்தபடி வரதராஜன் தன் பாஸ்வேர்டைத் தட்டினார். அவள் சொன்ன கட்டளையையும் தட்டினார்.

திரையில் வந்தது: ரீபூட், காலை 10.12, வரதராஜன்.

"மூணு வருஷமா ஐடி கேட்டேன். நல்லவேளை, நீங்க தரலை சார்."

டைரக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே அவளுக்கு ஐடி வந்தது. பாஸ்வேர்டை வரதராஜனே வைத்துக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் ரவுட்டர் நின்றபோது, திரையில் தமயந்தியின் பெயர் இருந்தது.