வெள்ளி அரைஞாண்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துபோவான். ஒருநாள் என்ன தோன்றியதோ, "பிள்ளைக்குச் சோறு போடுகிறவருக்கு வீட்டு வரி கிடையாது" என்று பறையறையச் சொன்னான். நல்ல சட்டம்தான். ஆனால் கொண்டல்ராயன் மாதிரி ஆட்களும் அதே சீமையில்தானே இருந்தார்கள்!

கொண்டல்ராயன் அரண்மனைக் களஞ்சியத்து அதிகாரி. பெண்டாட்டி தெய்வானையைத் தள்ளிவைத்துவிட்டவன். மகன் காத்தான் தாயோடு இருக்கட்டும், தகப்பன் மாதாமாதம் நெல் அளக்கட்டும், அதனால் வரிச் சலுகை தகப்பனுக்கே என்று பஞ்சாயத்தில் பேசி முடித்திருந்தார்கள். சலுகையை வாங்கிக்கொண்டான் பாவி. நெல்தான் ஒரு மணிகூட வரவில்லை. தெய்வானையால் வரி கட்ட முடியவில்லை. சேவகர்கள் அவள் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பாலில்தான் பிள்ளையின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

தூங்குகிற பிள்ளையை முந்தானையால் மூடித் தோளில் போட்டுக்கொண்டு அவள் சபைக்கு வந்தாள். வாசலில் எதிர்ப்பட்ட மந்திரி அம்பலவாணர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார்.

"நெல்லு வரலைங்க சாமி. மாட்டையாவது குடுத்துடுங்க" என்று அழுதாள் தெய்வானை.

"அத்தனையும் பொய், மகாராஜா! நான் அனுப்புகிற நெல்லைத் தின்று பையன் கொழுகொழுவென்று இருக்கிறான்" என்றான் கொண்டல்ராயன்.

"விடிந்ததும் விடியாததுமாக என்ன அழுகை? மந்திரி, சீக்கிரம் முடித்து அனுப்பும்!" என்று ராஜா சலித்துக்கொண்டான்.

மந்திரி எழுந்தார். "இப்பேர்ப்பட்ட தகப்பனின் பிள்ளைக்கு அரண்மனைச் செலவில் ஒரு வெள்ளி அரைஞாண் போடவேண்டாமா? தட்டானைக் கூப்பிடுங்கள். ராயரே, இடுப்பளவை உம் வாயாலேயே சொல்லும்."

இவரும் அவன் பக்கம்தானா என்று தெய்வானை பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ராயனோ பூரித்துப்போய், வெள்ளிச் சரட்டைத் தாராளமாக அளந்து காட்டினான். தட்டான் கொக்கி வைத்தான்.

"கட்டிவிடு தாயே" என்றார் மந்திரி.

தெய்வானை பிள்ளையை எழுப்பி, இறக்கி நிறுத்தி, இடுப்பில் கட்டினாள். கையை எடுத்ததும் அரைஞாண் நழுவிக் காலடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த காத்தானால் திரும்ப நிமிர முடியவில்லை. அவள் பாய்ந்து அள்ளிக்கொண்டாள்.

"ராயர் நெல் அனுப்பியிருந்தால் இருக்கவேண்டிய இடுப்பு அது, மகாராஜா. இருக்கிற இடுப்பு இது" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அடே ராயா! உன் பதவியும் போச்சு, சலுகையும் போச்சு. எந்தப் பஞ்சாயத்து என்ன பேசியிருந்தாலும் சரி, சோறு போடுகிறவளுக்கே சலுகை. உன் களத்து நெல் இவள் வீட்டுக்குப் போகட்டும். இந்த அரைஞாண் நழுவாமல் பையன் இடுப்பில் நிற்கிற நாள் வரும்வரை, இவன் குடித்த கஞ்சிதான் உனக்கும்!" என்று கத்தினான். அதே சூட்டில், சொன்னதை மறந்து, "தட்டானே, இதைப் பையன் அளவுக்கு வெட்டு" என்றான்.

"ஐயோ, வெட்டாதீங்க சாமி!" தெய்வானை அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பெரிசாவே இருக்கட்டும். அவன் வளருவான்." பிறகு மந்திரியின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "வளருவான்தானே ஐயா?"

மந்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முதலில் அந்த மாட்டை ஓட்டிக்கொண்டு வாருங்களடா!" என்று சேவகர்களை விரட்டினார்.