பொன் ஹெல்மெட்

செங்குளம் ராஜ்ஜியத்தில் ராஜாவும் இருந்தார், கிரிக்கெட்டும் இருந்தது, அம்பயரின் தீர்ப்பைச் சரிபார்க்கும் கேமரா இயந்திரமும் இருந்தது. மூன்றும் எப்படி ஒரே காலத்தில் இருந்தன என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

ராஜா ரத்தினபூபதிக்கு பேட்டிங்கில் கொள்ளை ஆசை. ஆசைதான், வேறொன்றும் கிடையாது. ஆனாலும் அவரை அவுட் என்று சொல்ல எந்த அம்பயருக்கும் துணிச்சல் வரவில்லை. காலையில் பொன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால் வெளிச்சம் போன பிறகுதான் திரும்புவார். அதுவரை நாட்டை ஆண்டது மந்திரி திருமேனி. வரி, வழக்கு, நிலம் எல்லாம் அவர் கையில். அதனால் ராஜா அவுட் ஆகாமல் இருப்பதில் ராஜாவைவிட மந்திரிக்குத்தான் அக்கறை.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டார் புதிதாக வந்த அம்பயர் ஞானமுத்து. நடு ஸ்டம்புக்கு நேராக வந்த பந்து ராஜாவின் காலில் பட்டது. பந்து போட்டவன் பழக்கதோஷத்தில் அவுட் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஞானமுத்து விரலைத் தூக்கிவிட்டார்.

ராஜா ரிவியூ கேட்டார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூடாரம், அதற்குள் இயந்திரம், அதை இயக்குபவன் மந்திரியின் மைத்துனன் வரதன். பெரிய திரையில் பந்தின் பாதை ஓடியது. கால் வரைக்கும் நேராக வந்த பந்து, ஸ்டம்பு நெருங்கியதும் பெரிய மனிதரைக் கண்டதுபோல ஒதுங்கிப் போனது. நாட் அவுட்.

சிம்மாசனத்தை அவமதித்த அம்பயர் நாட்டில் இருக்கக் கூடாது என்றார் மந்திரி. “இயந்திரம் பொய் சொல்லாது. அது சொன்னதே முடிவு” என்றார் ராஜா. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஞானமுத்து குடும்பத்தோடு எல்லையைத் தாண்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அரண்மனை விகடகவி அழகிரி ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனார். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு வாங்கிய பாத்திரங்களை ஞானமுத்துவும் மனைவியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.  அழகிரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஐயா, உங்களுக்குக் கொஞ்சமாவது சந்தேகம் உண்டா?”

“சந்தேகம் இருந்தா விரல் எழும்பாது தம்பி” என்றார் ஞானமுத்து.

அது போதும் என்று அழகிரி நேரே அரண்மனைக்குப் போனார். மகாராஜாவின் பேட்டிங்கை உலகம் பார்த்துவிட்டது, பந்துவீச்சை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, நாளை ஓர் ஓவர் தமக்கு வீசியருள வேண்டும் என்று குழைந்தார். ராஜாவுக்கு உள்ளுக்குள் நீண்டகால ஏக்கம் ஒன்று உண்டு. அவர் இதுவரை ஒரு விக்கெட்கூட எடுத்ததில்லை. மரியாதைக்கு அவுட் ஆகலாம் என்று அரண்மனைக்காரர்கள் நினைத்தாலும், பந்து எட்டுகிற தூரத்தில் வந்தால்தானே.

உடனே சம்மதித்தார். அழகிரி தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்றும் கேட்டார்.

“மகாராஜாவின் வேகத்துக்கு என் மண்டை தாங்காது. அந்தப் பொன் ஹெல்மெட்டை ஓர் ஓவருக்கு இரவல் கொடுங்கள்.”

தம் வேகத்தைக் கண்டு அப்படி யாரும் பயந்ததில்லை. ராஜா மகிழ்ந்துபோய்க் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஞானமுத்துவுக்கு நாட்டில் கடைசி ஆட்டம். அழகிரி பொன் ஹெல்மெட்டை மாட்டி, முகக்கம்பியை இறக்கிக்கொண்டு வந்தார். ராஜாவிடம் சொல்லி மந்திரிக்குத் தமக்குப் பின்னால் ஸ்லிப்பில் இடம் ஒதுக்கியிருந்தார். ஹெல்மெட்டைப் பார்த்ததும் மந்திரி கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். கூடாரத்துக்கு ஓடலாம் என்றால், ராஜா பந்து போடும்போது இடத்தை விட்டு அசைய முடியாது.

முதல் சில பந்துகள் நாலு திசைக்கும் போயின. அப்புறம் ஒன்று, எப்படியோ, நடு ஸ்டம்புக்கு நேராக வந்தது. அழகிரி விடுவாரா? காலை அகல வைத்து வாங்கிக்கொண்டார். ராஜா தொண்டை கிழிய அவுட் கேட்டார். ஞானமுத்துவின் விரல் எழுந்தது. ராஜா குதித்தார், மந்திரியைக் கட்டிக்கொண்டார், ராஜாவின் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அழகிரி அமைதியாக ரிவியூ கேட்டார்.

திரையில் பந்து ஓடியது. ஸ்டம்பு நெருங்கியதும் அதே மரியாதையோடு ஒதுங்கியது. நாட் அவுட்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. நேராகப் போன பந்தைக் கண்ணால் பார்த்ததாகவும், இயந்திரம் புளுகுகிறது என்றும் கத்தினார். இயக்கியவனைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

வரதன் கூடாரத்திலிருந்து ஓடிவந்தான். பக்கத்தில் வியர்த்து நின்ற ராஜாவை அவன் கவனிக்கவில்லை. பொன் ஹெல்மெட்டின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“இன்னைக்கும் பந்தை அழகா ஒதுக்கி விட்டுட்டேன் மகாராஜா. மாமா சொன்னபடி இந்த ஹெல்மெட்டை அவுட் ஆகவே விடமாட்டேன்.”

 அழகிரி மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்த வரதன் அப்படியே தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியது கசந்தது.

“அப்படியானால் நான் நேற்று அவுட்டா?”

“அது மகாராஜாவின் இஷ்டம்” என்றார் அழகிரி. “திரை சொன்னது சரியென்றால் நேற்று நீங்கள் அவுட் இல்லை, இன்று உங்களுக்கு விக்கெட்டும் இல்லை. ஞானமுத்துவின் விரல் சரியென்றால் நேற்று அவுட், இன்று விக்கெட்.”

“நேற்று நான் அவுட்தான்” என்றார் ராஜா. பிறகு ஞானமுத்துவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூட்டையைப் பிரிக்கச் சொன்னார், கல்யாணத்துக்குத் தாமே வருவதாகவும் சொன்னார். இனி இயந்திரத்தை யார் இயக்க வேண்டும் என்பதை ஞானமுத்துவே முடிவு செய்யட்டும் என்றார். மந்திரியிடமிருந்த ராஜ முத்திரையை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்.

“என் விக்கெட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நீ. அந்தப் பொன் ஹெல்மெட்டை நீயே வைத்துக்கொள்” என்றார் அழகிரியிடம்.

அழகிரி அதைத் துடைத்துத் திரும்ப நீட்டினார்.

“வேண்டாம் மகாராஜா. இதைப் போட்டால் அவுட்டே ஆக முடியாது. சாயங்காலமானால் நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பந்தைக் கீழே வைத்துவிட்டு, வெகுகாலத்துக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே அரண்மனைக்கு நடந்தார்.