கரையில் கேட்ட கேள்வி

ராஜாக்களுக்குப் பொழுது தாராளமாகவும் பொறுமை கொஞ்சமாகவும் இருந்த காலத்தில், தேனாற்றூர் அரண்மனையில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ராஜாவுக்குச் சிரிக்கத் தோன்றும்போது நான் பேச வேண்டும், அவ்வளவுதான். பெயர் மருதப்பன். ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் ராஜா வீரகேசவர் கூப்பிட்டார்.

“மருதப்பா, சந்தனத்தீவுக்கு நம் தூதராக நீர் போகிறீர். வெள்ளிக்கிழமை கப்பல்.”

குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கவே படிக்கல்லைப் பிடித்துக்கொள்கிற வீரன் நான்.

“மகாராஜா, போன தடவை போன கொண்டல்ராயர்...”

“அவர் கதை தெரியும்.”

ஊருக்கே தெரியும். ராயருக்குத் தீவில் காய்ச்சல் வந்தது. வைத்தியருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் ஒரு சத்திரத்தில் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு இன்றும் அங்கேயே மாவாட்டிக்கொண்டிருக்கிறார்.

“அதனால்தான் சொல்கிறேன், பயணக் காப்பு வாங்கிக்கொண்டு போம். எந்தக் கடையில் வாங்குவது என்பது உம் பாடு. தப்பான கடையில் வாங்கி அங்கே மாட்டிக்கொண்டால் பொக்கிஷத்திலிருந்து ஒன்றும் வராது. எந்தக் கடை என்று நாளைக்குச் சபையில் வந்து சொல்லும்.”

பயணக் காப்பு பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கடல் தாண்டுகிறவர் புறப்படும் முன் கடையில் ஒரு தொகை கட்டுவார். போன இடத்தில் நோய் வந்தாலோ மூட்டை தொலைந்தாலோ, அங்கிருக்கும் கடையின் ஆள் செலவைப் பார்த்துக்கொள்வார். எங்கள் துறைமுகத்தில் அப்படி இரண்டு கடைகள்.

முதல் கடை பலவேசத்துடையது. அவர் பொக்கிஷதார் வெண்காடரின் மைத்துனர். ராயர் காப்பு வாங்கியதும் இங்கேதான். ‘நிபந்தனையை மீறிவிட்டார்’ என்று அப்போது காரணம் சொன்னார்கள். பலவேசம் என்னைத் திண்டில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு தட்டு அல்வாவை முன்னால் வைத்தார்.

“உங்களுக்கு என்னங்க குறைச்சல்? சிங்கம் மாதிரி இருக்கீங்க. புயல், கொள்ளை, காய்ச்சல், எல்லாத்துக்கும் நாங்க பொறுப்பு. கேள்வியே கிடையாது.”

சிங்கம் என்றதும் இன்னொரு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்தது சீதேவி ஆச்சியின் கடை. மாடிப்படி ஏறிப் போக வேண்டும். அல்வா இல்லை. ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாலு படி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குதே. இழுப்பு உண்டா?”

“இல்லை ஆச்சி.”

“முழங்கால் வலி?”

“அரண்மனை உத்தியோகஸ்தனைப் பார்த்து...”

“உண்டா, இல்லையா? பல்லெல்லாம் உங்களோடதுதானா? வயித்தை எக்காம சாதாரணமா விடுங்க ஐயா, பேச்சே வரலை உங்களுக்கு.”

கோபத்தோடு இறங்கிவிட்டேன். ராயராவது நிபந்தனையாவது, சிங்கம் என்று சொன்ன கடையில்தான் வாங்குவது என்று முடிவு. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

மறுநாள் சபைக்குப் போகிற வழியிலும் பலவேசம் விடவில்லை. மறுபடி அல்வா. நானும் விடவில்லை.

சபையில் ராஜா, பக்கத்தில் வெண்காடர். பலவேசத்தையும் ஆச்சியையும் வரவழைத்திருந்தார்கள்.

“சொல்லும், எந்தக் கடை?”

‘பலவேசம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வயிற்றில் ஒரு முறுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதே வலி தீவில் வந்தால்? ராயருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆட்டுக்கல் கண்ணில் தெரிந்தது. பயம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும்.

“பலவேசம், நான் இப்போ தீவில இருக்கேன்னு வெச்சுக்குங்க. வயிறு வலிக்குது. வைத்தியரைக் கூப்பிடுங்க.”

தொழில் பழக்கம் அவரை விடவில்லை. “இந்த வலி ஊர்லயே உண்டா?” என்றார்.

“எப்போவாவது.”

“அதை முன்னாடியே சொன்னீங்களா?”

“நீங்க கேட்கலையே.”

“கடைசியா என்ன சாப்பிட்டீங்க?”

“அல்வா.”

“யார் கொடுத்தது?”

“நீங்கதான்.”

“எவ்வளவு?”

“கொடுத்த அவ்வளவும்.”

“அப்போ இது நீங்களா வரவழைச்சுக்கிட்ட நோவு. இதுக்குக் காப்பு செல்லாதுங்க.”

வெண்காடர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வயிற்றைப் பிடித்தபடியே சொன்னேன்:

“மகாராஜா, ரெண்டு கடையிலயும் கேள்வி ஒண்ணுதான். ஆச்சி கரையில கேட்கிறாங்க. இவர் நான் கடல் தாண்டிப் போய்ப் படுத்த பிறகு கேட்பார். ராயரையும் இப்படித்தான் கேட்டிருப்பார்.”

ராஜா பலவேசத்தைப் பார்த்தார். ராயரின் கடனை அடைத்து, சொந்தச் செலவில் அவரை ஊருக்குக் கூட்டிவரும்படி பலவேசத்துக்கு அங்கேயே உத்தரவாயிற்று.

“சரி மருதப்பா, ஆச்சியிடமே வாங்கும். அவர் கேட்டதற்கெல்லாம் இங்கேயே உண்மையைச் சொல்லும்.”

சபை நிறைய ஆட்கள். இழுப்பு உண்டு என்றேன். முழங்கால் வலி உண்டு, கடைவாய்ப் பல் கட்டினது, தண்ணீரைக் கண்டால் நடுக்கம் என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆச்சி முழுவதும் கேட்டுவிட்டுக் கைகூப்பினார்.

“மகாராஜா, இவரை ஏத்தினா காப்பு இவருக்கு இல்லை, கப்பலுக்குத்தான் வாங்கணும்.”

ராஜா சிம்மாசனம் அதிரச் சிரித்தார். பிறகு பக்கத்தில் திரும்பினார்.

“வெண்காடரே, அப்படியானால் நீர் போய்வாரும். காப்புக்கு உமக்கு என்ன கவலை, மைத்துனர் கடை இருக்கிறது.”

வெண்காடர் மைத்துனரை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து ஆச்சியிடம் போய், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனாலும் சபைக்கே கேட்டது:

“ஆச்சி, நீங்க கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு மூலம் உண்டு.”

சபையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் பரிசு கிடைத்தது. நான் ஒப்புக்கொண்ட நோய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கஷாயம், தினமும் ராஜா முன்னிலையிலேயே குடிக்க வேண்டும். பேசாமல் கப்பல் ஏறியிருக்கலாம்.