சேனாபதி மகனுக்கு வெள்ளிப் பாலாடை

வேங்கைமலை ராஜாவின் தாத்தாவுக்குக் கவிதைப் பித்து. சட்டம் எழுதும்போதுகூட அது அவரை விடவில்லை. ஆடிப்பெருக்கன்று நடக்கும் மல்யுத்தத்துக்கு அவர் கல்லில் வெட்டி வைத்த விதி இது: "பால்மணம் மாறாப் பிள்ளைகட்குச் சின்னக் கோதா. மற்றவர்க்குப் பெரிய கோதா." இத்தனை வயது என்று ஒரு வார்த்தை வெட்டியிருந்தால் ஊருக்கு நிம்மதி. கவிஞர் கையில் சட்டம் அகப்பட்டால் இப்படித்தான்.

சேனாபதி வல்லபராயரின் மகன் செங்கோடனுக்கு வயது இருபது. போன ஆடியில் பெரிய கோதாவில் இறங்கினான். பார்க்க வந்தவர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் மல்லாந்துவிட்டான். சேனாபதிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. இனி மகனை நன்றாகப் பழக்குவார் என்று ஊர் நினைத்தது. அவரோ மகனின் மீசையை மழித்தார். இவன் இன்னும் பால்மணம் மாறாத பிள்ளை, இந்த வருஷம் சின்னக் கோதாவில்தான் இறங்குவான் என்று சபையில் அறிவித்தும்விட்டார்.

சீட்டுக் குலுக்கியதில் செங்கோடனுக்கு எதிராக வந்தவன் வாயில்காப்பான் மகன் குப்பாண்டி. பதினொரு வயது. முருங்கைக்காய்க்குக் கச்சை கட்டிவிட்டது போல இருப்பான். அவன் அம்மா அரண்மனை வாசலில் வந்து அழுதாள். பிள்ளை ஜெயிக்க வேண்டாம், முழு எலும்போடு வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றாள். அதைக் கேட்டும் மனம் இளகாதவன் மனுஷனே இல்லை.

ராஜாவுக்கும் மனம் இளகியது. ஆனால் படை முழுவதும் சேனாபதி கையில். அதனால் ராஜா துணிந்து ஒரு முடிவெடுத்தார். பொறுப்பைச் சபையின் சாமர்த்தியசாலி கொழுந்தப்பர் தலையில் கட்டினார்.

"செங்கோடன் சின்னக் கோதாவில் இறங்கக் கூடாது. ஆனால், கூடாது என்று சேனாபதியிடம் யாரும் சொல்லவும் கூடாது. உம்மால் முடியாவிட்டால் பெரிய கோதாவில் நீர் இறங்கும்."

கொழுந்தப்பருக்கு அறுபது வயது. முழங்காலில் வாதம். உத்தரவு என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

மறுநாள் சபையில் அவர் சேனாபதி பக்கமே பேசினார். தகப்பனுக்குத் தெரியாதா தன் பிள்ளையை, பிள்ளை என்றால் பிள்ளைதான், பிள்ளைக்கு உரிய மரியாதையை அரண்மனை செய்ய வேண்டாமா என்று கேட்டார். சேனாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று மாலையே மேளதாளத்தோடு சீர்வரிசை கிளம்பியது. குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை, கிலுகிலுப்பை, வசம்பு வளையல், எல்லாம் தாம்பாளத்தில். முன்னால் தண்டோராக்காரன். "சேனாபதியார் மகன் செங்கோடன் பால்மணம் மாறாத பிள்ளை, இது ராஜ சாட்சி" என்று தெருத்தெருவாக முழக்கினான். ஊர்வலம் நேரே சேனாபதி வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெருவைச் சுற்றி, பாளையக்காரர் முத்துவீரப்பர் வாசலில் நின்று, நன்றாக இளைப்பாறிவிட்டுப் போனது. அவர் மகளைத்தான் ஆவணியில் செங்கோடனுக்குக் கட்டுவதாக நிச்சயமாகியிருந்தது.

பொழுது விடிந்தது. முத்துவீரப்பர் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சபைக்கே வந்துவிட்டார்.

"பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டேன். தாலாட்டுப் பாடப் பிள்ளை கேட்கவில்லை."

சேனாபதி மனக்கணக்குப் போட்டார். பிள்ளை என்றால் கல்யாணம் போச்சு. பிள்ளை இல்லை என்றால் சின்னக் கோதா போச்சு. பெரிய இடத்துச் சம்பந்தம். அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"எவன் சொன்னான் பிள்ளை என்று? தினம் இருவேளை மழிக்கிறோம், இல்லாவிட்டால் மீசை இதற்குள் காதைத் தொட்டிருக்கும். என் மகன் பெரிய கோதாவில்தான் இறங்குவான்."

முத்துவீரப்பர் தாம்பூலத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொழுந்தப்பர் ராஜாவைப் பார்த்துக் கைகட்டி நின்றார். கூடாது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று குப்பாண்டி தன் வயதுப் பையன் ஒருவனோடு கட்டிப் புரண்டு தோற்றான். மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவன் அம்மா எலும்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். செங்கோடன் பெரிய கோதாவில் மறுபடியும் மல்லாந்தான். ஆனால் இந்தத் தடவை, பார்த்தவர்கள் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை தாக்குப் பிடித்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பருக்குப் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சேனாபதியும் அங்கேதான் இருக்கிறார் என்பது பாதிச் சிரிப்பில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. சேனாபதி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அந்தப் பாலாடையை அரண்மனைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

கொழுந்தப்பர் பணிவாகத் தடுத்தார்.

"வீட்டிலேயே இருக்கட்டும் பிரபு. பேரன் பிறந்தால் அவனுக்கு ஆகும். அதற்குள் அடுத்த ஆடி வந்துவிட்டால் தங்கள் பிள்ளைக்கே ஆகும்."