வாழைக்குத் தாலி கட்டிய டீசல் இஞ்சின்

கூழாண்டிபட்டியில் புத்திசாலிகளே பிறப்பதில்லை என்பது அபாண்டம். பிறக்கத்தான் செய்கிறார்கள். ஊருக்கு ஒத்துவராது என்று சீக்கிரமே வெளியூரில் சம்பந்தம் பேசி அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருந்தவர்களின் கதைதான் இது.

ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு, அதன் மேட்டில் ஒரு டீசல் இஞ்சின். அதை ஓட்டுகிற பொறுப்பு ஒச்சப்பனுக்கு. யோசனை சொல்கிற பொறுப்பு அவன் மச்சான் வீரணனுக்கு. எண்ணெய் மாற்றுவது வீண் செலவு என்று வீரணன் யோசனை சொல்லி, இஞ்சினுக்குள் சுழலும் ஷாஃப்ட் ஏற்கெனவே இரண்டு முறை தேய்ந்து போயிருந்தது.

இப்போது பெருமாயியின் நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். அவளுக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான். பொறுக்க மாட்டாமல் டவுனுக்குப் போய் மெக்கானிக் தாவூது பாயைக் கையோடு கூட்டிவந்தாள்.

பாய் மூன்றாவது ஷாஃப்டை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினார்.

"இதுல ஒரு மருந்து கலந்திருக்கு. இரும்பும் இரும்பும் உரசிச் சூடாகுறப்ப, இரும்பு மேல மெல்லிசா ஒரு தோல் போடும். இரும்புக்குப் பதிலா அந்தத் தோல்தான் தேயும். தேஞ்ச இடத்துல மறுபடி தானே போட்டுக்கும். கவலைப்படாம ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஒச்சப்பன் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

"தோலைக் காணோமே மச்சான்."

"ஓட்டினாத்தானே விழும்?"

"தோல் இல்லாம ஓட்டினா ஷாஃப்ட் தேஞ்சிருமே!"

"ஆமா. அப்ப ஓட்டக் கூடாது."

"ஓட்டாட்டி தோலே விழாதே!"

"ஆமா. அப்ப ஓட்டணும்."

இப்படியே மத்தியானம் ஆனது. கஞ்சி குடித்ததும் வீரணனுக்கு மூளை திறந்துகொண்டது.

"மச்சான், நம்ம இஞ்சினுக்கு இந்த ஷாஃப்ட் மூணாந்தாரம். எங்க சித்தப்பாவுக்கு மூணாந்தாரம் கட்டினப்ப என்ன செஞ்சாங்க? முதல்ல ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிப் போட்டாங்க. சித்திக்கு வரவேண்டிய கண்டம் வாழையோட போச்சு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு. பாய் சொன்னதும் அதேதானே?"

"அதேதான்!" என்று ஒச்சப்பன் கண் கலங்கினான்.

உடனே ஒரு வாழையைக் கொண்டுவந்து நட்டார்கள். இஞ்சினின் கைப்பிடியில் மஞ்சள் கயிற்றைத் தொடவைத்து, வாழைக்குக் கட்டி, அட்சதை போட்டு, ஒரே வெட்டு. கண்டம் கழிந்தது.

பெருமாயி ஓடிவந்தாள். "இனியாவது ஓட்டுங்கடா!"

வீரணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "என்ன மதினி பேசுறீங்க? பொண்டாட்டி செத்து பொழுதுகூடச் சாயலை. துக்க வீட்டுல யாராவது வேலைக்குப் போவாங்களா?"

பெருமாயி வயலைப் பார்த்தாள், இஞ்சினைப் பார்த்தாள். இவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட வழியோடு போவதே மேல் என்று பட்டது.

"துக்கம் எப்படா முடியும்?"

"அடுத்த சம்பந்தம் பேசினா முடிஞ்சிரும்."

"அப்ப பேசுங்கடா! இன்னைக்கே பேசுங்க!"

பக்கத்து ஊரான மேலக்குளத்துக் கிணற்றில் ஒரு கரண்டு மோட்டார் இருந்தது. வயதும் பொருத்தமாக இருந்தது. ஆள் அனுப்பியதும் மேலக்குளத்தார் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டார்கள். புத்திசாலிகளை வெளியூருக்கு அனுப்புகிற வழக்கம் அங்கேயும் உண்டு.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்றார் பெண் வீட்டுப் பெரியவர்.

"தண்ணி இறைப்பாருங்க."

"வாயால சொன்னா ஆச்சா? பாக்கணும்ல?"

ஒச்சப்பன் கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் கிளம்பியது. பெண் வீட்டார் லேசுப்பட்டவர்கள் இல்லை. இடையில் மூச்சு வாங்குகிறாரா பார்க்க வேண்டும், வயல் நிறைகிறவரை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே உரசிய இரும்பு சூடேறியது. மருந்து யாரையும் கேட்காமல் தோல் போட்டது, ஷாஃப்டுக்குப் பதிலாகத் தேய்ந்தது, தேய்ந்த இடத்தில் மறுபடி போட்டது. சாயங்காலத்துக்குள் பெருமாயியின் வயல் வரப்பு வரை நிறைந்து, வாய்க்காலும் வழிந்தது. பெருமாயி வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உழைப்பாளிதான், மறுக்கலை. ஆனா வந்ததுல இருந்து பாக்குறேன், மாப்பிள்ளை வாயில புகை நிக்கவே இல்லையே! எங்க பொண்ணு கரண்டுல வளந்தவ. புகை வாசமே ஆகாது. மன்னிச்சுக்குங்க."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒச்சப்பன் இடிந்துபோனான். வீரணனுக்கும் யோசனை வரவில்லை. ஊரிலேயே கொஞ்சம் விவரமானவள் பெருமாயி. ஈரக் காலோடு வந்து, சூடு ஆறாத இஞ்சினின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஏண்டா ராசா, பொண்ணு வீட்டுக்காரங்க போறவரைக்குமாவது அடக்கிக்கக் கூடாதா?" என்று அதைக் கடிந்துகொண்டாள். பிறகு வீரணன் பக்கம் திரும்பினாள். "எந்திரிடா. தாவூது பாய்கிட்ட ஓடு. தேயாம இருக்கவே மருந்து வச்சிருக்கிற மனுசன், பீடியை விடுறதுக்கு ஒரு மருந்து வச்சிருக்க மாட்டாரா?"