பழத்துக்கு ஒரு கொத்து

அந்தக் காலத்தில் பூனைக்கும் குருவிக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. மனுசரோடு சரிக்குச் சரி வம்பளந்துகொண்டு அதுகள் பாட்டுக்குத் திரிந்தன. தக்காளியும் அப்போது ஒரே அச்சில் வார்த்ததாக இல்லை. வீட்டுக்கு ஒரு தக்காளி. கொல்லையில் எந்தப் பழம் காய்க்கிறதோ அதுதான் அந்த வீட்டுக்குப் பேர். கொத்துத் தக்காளி வீடு, மஞ்சத் தக்காளி வீடு என்றுதான் வழி சொல்வார்கள். பெற்ற மகளைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட தக்காளி வித்தைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அவ்வளவு வீம்பு.

வீம்பு இருக்கிற இடத்தில் சண்டைக்கா பஞ்சம்? வருசா வருசம் அம்மன் பொங்கல் வரும்போது ஊருக்குள் வாய்ச்சண்டை வந்துவிடும். படையல் சோற்றுக்குச் சாறு காய்ச்ச முதல் கூடைப் பழம் யார் வீட்டிலிருந்து போவது? "உன் பழம் வெறும் தண்ணி." "உன் பழம் மட்டும் தேனா வடியுதாக்கும்?" இப்படியே பானை அடுப்பில் ஏறாமல் கிடக்கும். அவரவர் கொல்லைப் பழம் அவரவர் நாக்குக்கு ஒசத்தி. யாரை நம்புவது?

அதனால்தான் கொண்டைக்குருவியைக் கூப்பிட்டார்கள். மிளகாய்ப் பழத்தையே மென்று முழுங்கிவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கிற நாக்கு அது. காரம் அண்டாத நாக்குக்கு ஓரவஞ்சனை எங்கிருந்து வரும் என்று ஊர் நினைத்தது. மந்தையில் புங்கமரத்து நிழலில் வாழையிலை விரித்து, வீட்டுக்கொரு பழம் வைப்பார்கள். குருவி ஒவ்வொன்றாய்த் தின்று பார்த்துச் சொல்லும்.

"இந்த மஞ்சப் பழம் பச்சையாத் தின்னத் தோது. கொத்துப் பழம் துவையலுக்கு ஆகும். பவுனுத்தாய் வீட்டுக் குண்டுப் பழம் கண்ணுக்கு லட்சணம். நாக்குல வச்சா, வந்தேன் போறேன்னு போயிருது."

சனம் சிரிக்கும். பவுனுத்தாய் சிரிக்க மாட்டாள். ஊரிலேயே பெரிய கொல்லை அவளுடையது. கிணற்றுத் தண்ணீரும் எருவும் ஊட்டி வளர்த்த செடி, குங்குமச் சிவப்பில் பழம். இருந்தும் முதல் கூடை அவள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. அது எப்போதும் ஒச்சம்மா வீட்டிலிருந்துதான் போகும்.

ஒச்சம்மா வீட்டுப் பழத்தைப் பார்த்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். மடிப்பு மடிப்பாய் இருக்கும். காம்பைச் சுற்றிப் பச்சை மாறாது. ஒரு மழை பெய்தால் வெடித்துக்கொள்ளும். ஆனால் வாயில் போட்டால் முதலில் புளிப்பு ஒரு அதட்டுப் போடும். அது அடங்கினதும் இனிப்பு வரும். முழுங்கின பிறகும் நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஒன்று நின்றுகொண்டு அடுத்த கவளத்தைக் கூப்பிடும்.

அந்த வருசம் ஒச்சம்மா புருசன் கருத்தப்பாண்டி காய்ச்சலில் விழுந்தான். காய்ச்சல் விட்டது, வாய்க்கசப்பு விடவில்லை. கஞ்சி கொடுத்தால் களிமண் என்றான். கறிக்குழம்பு வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். ஒச்சம்மா கொல்லைப் பழத்தைப் பிசைந்து சாறு வைத்தாள். அதை மட்டும் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டான்.

"அடியே, என்னை இந்த உலகத்துல பிடிச்சு வச்சிருக்கறது நீயின்னு நெனச்சுக்காத. உன் சாறு."

"ஆமா, சாறு தானாப் போய் அடுப்புல உக்காந்துக்கிச்சு. பேசாமக் குடிங்க."

அவள் பேச்சு அப்படி இருந்தாலும் கண் கொல்லைப்பக்கமே இருக்கும். செடியில் காய் இருக்கிறவரைக்கும் இவன் இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பொங்கல் நெருங்கியது. கொண்டைக்குருவி அப்போது பவுனுத்தாய் கொல்லையில் மருதாணிப் புதருக்குள் கூடு வைத்திருந்தது. கூட்டில் குஞ்சுகள். இறகு முளைக்காமல், தோலும் வாயுமாய்க் கிடந்தன. குருவி இரையோடு வந்த ஒரு காலைநேரம், புதருக்கு அடியில் பவுனுத்தாயின் கடுவன் பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"வா மதினி," என்றது பூனை. "பிள்ளைங்க நல்லா இருக்குதுங்க. இப்பத்தான் எட்டிப் பாத்தேன்."

குருவி வாயிலிருந்த புழு கீழே விழுந்தது. "பாவி, தள்ளிப் போ! இன்னும் கண்ணே சரியாத் தெறக்கலை."

"அதுதான் மெத்துன்னு இருக்கும்."

பவுனுத்தாய் முறத்தோடு வெளியே வந்தாள். பூனையை விரட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏ குருவி, உனக்கு இடம் கொடுத்தது நான். என் புதர், என் நிழல். நீ மந்தையில போய் என் பழத்தைப் பாத்து வந்தேன் போறேன்னு சொல்ற. ஊரே கைதட்டிச் சிரிக்குது."

"உள்ளதைச் சொன்னேன் தாயீ."

"இந்த வருசமும் உள்ளதையே சொல்லு. நான் ஒண்ணும் சொல்லலை. இவனைக் கட்டிப்போடுறதா, அவுத்துவிடுறதான்னு நீ சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிறேன்."

"உன் பழம்தான் முதல்னு சொல்லிட்டாப் போதுமா?"

பவுனுத்தாய் சிரித்தாள். "இந்த வருசம் சொல்லுவ. குஞ்சு பறந்ததும் அடுத்த வருசம் மாத்திச் சொல்லுவ. எனக்கு அது வேண்டாம். அந்த மடிப்புப் பழமே இருக்கக்கூடாது."

குருவி கூட்டைப் பார்த்தது. அம்மா வந்த சத்தத்தில் எல்லாம் ஒன்றாய் வாயைத் திறந்துகொண்டு நின்றன. தூக்கிக்கொண்டு வேறு மரத்துக்குப் போகிற வயசில்லை.

"கட்டிப்போடு தாயீ," என்றது குருவி.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது மந்தையில் இலை விரித்தார்கள். குருவி மஞ்சப் பழத்தைத் தின்றது, கொத்துப் பழத்தைத் தின்றது, குண்டுப் பழத்தைத் தின்று ஆகா என்றது. ஒச்சம்மா வீட்டுப் பழத்தில் அலகை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. அந்த ருசி தொண்டைக்குள் இறங்கும்போதுதான் அதற்கு வாய் திறக்க வேண்டியிருந்தது.

"கசப்பு விழுந்திருச்சு," என்றது. "வித்துக்குள்ளயே இறங்கியிருக்கு. உங்க நாக்குக்கு இப்பத் தெரியாது. இப்படியே விட்டா வர்ற வருசம் பக்கத்துக் கொல்லைக்கெல்லாம் ஏறிரும்."

கூட்டம் இலையைச் சுற்றி நெருங்கியது. ஒருத்தர் அந்தப் பழத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தார். சப்புக்கொட்டினார். "ஆமாய்யா. அடியில லேசா ஒரு கசப்பு ஓடுது." அடுத்தவர் கடித்தார். "லேசா என்ன லேசா, நல்லாவே தெரியுது." கைமாறக் கைமாறக் கசப்பு கூடிக்கொண்டே போயிற்று. போன வருசம் அந்தப் பழத்துச் சாற்றை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்த ஆட்கள்தான் எல்லாரும்.

ஒச்சம்மா ஓடிவந்து மிச்சத்தைப் பிடுங்கி வாயில் போட்டாள். "எங்க கசக்குது? சொல்லுங்க, எங்க கசக்குது? எங்க வீட்டு மனுசன் இதைக் குடிச்சுத்தானே உசிரோட இருக்காரு!"

"நல்லாச் சொன்ன போ," என்றாள் பவுனுத்தாய். "அந்த மனுசனுக்கு வாயெல்லாம் கசப்புன்னு நீதானே சொன்ன? எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. எல்லாரும் அவரவர் கொல்லையை நினைத்துப் பயந்துபோனார்கள். நேரே ஒச்சம்மா வீட்டுக்குப் போனார்கள். செடிகளைக் காயோடும் பூவோடும் வேரோடு பிடுங்கினார்கள். அடுத்த வருசத்துக்கான வித்தை ஒச்சம்மா சாம்பலில் புரட்டி, வறட்டியில் ஒட்டிக் காயவைத்து, சுவர் மாடத்தில் செருகியிருந்தாள். அதையும் எடுத்துச் செடிக்குமேல் போட்டுத் தீ வைத்தார்கள். பச்சைச் செடி எரிய மாட்டேன் என்று புகைந்துகொண்டே கிடந்தது.

உள்ளே படுத்திருந்த கருத்தப்பாண்டி இருமினான். "என்னடி, ஊரே நம்ம வீட்டுல சமைக்குதா?"

ஒச்சம்மா புகை உள்ளே போகாமல் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஒச்சம்மா வீடு வீடாய்ப் போய்ப் பழம் கேட்டாள். கொடுக்காமல் இல்லை, கொடுத்தார்கள். மஞ்சப் பழத்தில் சாறு வைத்தாள், கொத்துப் பழத்தில் வைத்தாள், இரண்டையும் கலந்து வைத்தாள். புளி கூட்டினாள், உப்புக் கூட்டினாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பவுனுத்தாய் வீட்டுக்கும் போய் மடியேந்தி வாங்கிவந்தாள். கருத்தப்பாண்டி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடிப்பான். நாக்கைச் சுழற்றிப் பார்ப்பான். கிண்ணத்தை நகர்த்தி வைப்பான்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. நம்மளுது இல்லையே."

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். கேலி பேசுவது நின்றது. பிறகு பேச்சே நின்றது. அம்மன் பொங்கலன்று குண்டுப் பழச் சாற்றைப் படையலில் வைத்துக் குலவை போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்குகிறதற்குள் ஒச்சம்மா வீட்டில் ஒப்பாரி கேட்டது.

பவுனுத்தாய் சொன்ன சொல் தவறவில்லை. பூனை கட்டிக் கிடந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. ஒன்றன்பின் ஒன்றாய் மருதாணிக் கொப்பில் ஏறி நின்று, தவறி, தாவி, பறந்துபோயின. கடைசிக் குஞ்சு பறந்த அன்றைக்குக் குருவி ஒச்சம்மா வீட்டுக் கொல்லைக்கு வந்து மொட்டை வேலியில் உட்கார்ந்தது. குஞ்சுகளும் பின்னாலேயே வந்தன. ஒச்சம்மா சாம்பலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கசக்கலை ஒச்சம்மா," என்றது குருவி. "என் பிள்ளைங்களைக் காட்டி மிரட்டுனா. பொய் சொன்னேன்."

ஒச்சம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலி நெடுக வரிசையாய் உட்கார்ந்திருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

"எல்லாம் பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சு."

"எனக்கும் ஒண்ணு மடியில கெடந்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் குருவிக்குத் தாங்கவில்லை.

"ஊர்ல போய் உண்மையைச் சொல்லிறட்டுமா?"

"சொல்லி? செடி முளைச்சு வந்திருமா? அவரு எந்திரிச்சு வந்திருவாரா?" சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பழத்தோட ருசியை உள்ளபடி சொல்ற வாய் இந்த மண்ணுல இனி ரெண்டுதான். ஒண்ணு என்னுது, ஒண்ணு உன்னுது. எனக்குக் கால் ஓடாது. உனக்கு ரெக்கை இருக்கு. எந்தக் காக்காயாவது ஒரு வித்தைத் தின்னு எங்கயாவது போட்டிருக்கும். போய்த் தேடு. ஒவ்வொரு பழமாப் பாரு. அந்த ருசி கெடச்சா வந்து சொல்லு. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத. யாருகிட்டயும் பேசாத."

குருவி அந்த நிமிசமே கிளம்பியது. அடுத்த கொல்லையில் பழுத்துக் கிடந்த முதல் பழத்தில் ஒரு கொத்து. இல்லை. அடுத்ததில் ஒரு கொத்து. அதுவும் இல்லை. குஞ்சுகளும் கூடவே போயின. அதுகளுக்கு அந்த ருசி எப்படியிருக்கும் என்று தெரியாது. அம்மா கொத்தியதைக் கொத்தி, அம்மா விட்டதை விட்டு, அடுத்ததற்குப் போயின. ஒச்சம்மா அந்தி சாயும்வரை வேலியோரம் நின்று பார்ப்பாள். ஒன்றும் திரும்பி வந்து எதுவும் சொன்னதில்லை. அவள் அந்தக் கொல்லையில் வேறு எதையும் ஊன்றவில்லை. ஒரு கோடையில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதைக் குருவிக்குப் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

அன்று முதல்தான் கொண்டைக்குருவி ஒரு பழத்தில் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்பதில்லை. நாம் கல்லை எறிந்தாலும், தகரத்தைத் தட்டினாலும், கொல்லையில் சிவந்து நிற்கிற தக்காளிக்கெல்லாம் ஆளுக்கொரு கொத்துக் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து ஒரு கணம் நின்று, அடுத்த செடிக்குப் போய்விடுகிறது.