கரிப்பொட்டு வைத்த முட்டை

வருசநாட்டு மலையடிவாரத்தில் பாறைச்சாமி என்று ஒருவர் இருந்தார். பெரிய மடமெல்லாம் கிடையாது. ஒரு பாறை, அதன் நிழலில் ஓட்டுக் கொட்டகை ஒன்று, முன்னால் ஒரு புளியமரம், அவ்வளவுதான். வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேட்கிறவர்களுக்குப் பதில் கிடைப்பதுதான் பெரும்பாடு.

அவரிடம் மொக்கராசு வந்து சேர்ந்தார். சாமியைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அதனால் சாமி அவரை அண்ணே என்பார், அவர் இவரைச் சாமி என்பார். குருவுக்கும் சீடருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் மொக்கராசு வந்தார்.

"என் மகன் திரும்பி வருவானா, மாட்டானா சாமி?"

மகன் சுருளிவேல் வீட்டைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. போனான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. விரட்டியது இவர்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கன்றுக்குட்டியை விற்றுவிட்டான் என்று, டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்க அறைந்து, செத்தாலும் என் வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். பையனுக்கும் அப்பன் ரோஷம்தானே இருக்கும். அப்படியே நடந்து போய் பஸ் ஏறிவிட்டான்.

திருப்பூரில் தேடினார், கோயம்புத்தூரில் தேடினார். ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் நகரவில்லை. மகள் கோகிலாவுக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அண்ணன் இல்லாமல் தங்கச்சிக்குக் கல்யாணமா, மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்துவர மச்சினன் வேண்டாமா, அவன் வரட்டும் என்றார் மொக்கராசு. வந்தவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையையெல்லாம் சாமி கேட்டார். பதில் சொல்லவில்லை. மொக்கராசும் பஸ் ஏறவில்லை. தினமும் காலையில் கஞ்சிக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்பார். சாமி கஞ்சியை ஊற்றுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு கோழி குறுக்கே வந்தது.

யாரோ கருப்பசாமிக்கு நேர்ந்து, பாறையடியில் விட்டுவிட்டுப் போன கோழி அது. சாமி அறுக்க விடமாட்டார். அதனால் கொட்டகை முழுக்கத் தனக்கே பட்டா போட்டது மாதிரி திரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விறகுக் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. எழுப்பினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது.

சாமி மொக்கராசுவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது அடைக்கு உட்கார்ந்துருச்சு. முட்டை வச்சுவிடுங்க. குஞ்சோட வந்து உங்க கேள்வியைக் கேளுங்க."

மொக்கராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் பிடிகொடுக்காத சாமி ஒரு வழி காட்டிவிட்டாரே. வீட்டில் அடை வைப்பதெல்லாம் மனைவி பவுன்தாயின் வேலை. குஞ்சு வளர்ந்து குழம்பாகும்போது உட்கார்ந்து சாப்பிட்டதுதான் இவர் செய்த ஒத்தாசை. ஆனாலும் பார்த்த ஞாபகம் இருந்தது. பழைய கூடை ஒன்றில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோலைப் போட்டார். பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் கேட்டு முட்டை வாங்கி வந்தார். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமலிருக்க ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் இரண்டு காய்ந்த மிளகாயும் ஓரத்தில் செருகினார்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு சும்மா இருக்குமா?

இருப்பதிலேயே கனமான, செவலை நிறத்து முட்டை ஒன்றை எடுத்தார். கரியைத் தொட்டு, கைக்குழந்தை கன்னத்தில் வைப்பதுபோல அதில் ஒரு பொட்டு வைத்தார். இதுதான் சுருளிவேல். இது பொரித்தால் அவன் வருவான். யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டார். அந்த முட்டையைக் கோழியின் நெஞ்சுக்கு நேர் கீழே வைத்தார்.

சாமி எட்டிப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார்.

அன்றிலிருந்து மொக்கராசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார். கோழி தினமும் ஒரு தடவை இறங்கி இரை எடுக்கும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் புரளும். அது புரளுகிற நேரம் முழுக்க இவர், போதும் தாயி, உள்ளே போ என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு திரிவார். ஒரு சாயங்காலம் மலை மேலே இடி இடித்தது. தன் போர்வையை எடுத்துக் கூடைக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டார்.

சாமி கஞ்சியை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்.

"அடை உட்கார்ந்திருக்கறது யாருண்ணே, அதுவா நீங்களா?"

மொக்கராசு சிரிக்கவில்லை.

நாள் நெருங்கியபோது முட்டை ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. கோழியும் அடித்தொண்டையில் ஏதோ பதில் சொன்னது. பிறகு ஒவ்வொன்றாக ஓடு விரிந்தது. ஈரத்தில் ஒட்டிப்போய், பார்க்கவே பரிதாபமாக வெளியே வந்த குஞ்சுகளெல்லாம் கொஞ்ச நேரத்தில் பஞ்சு மாதிரி உப்பிக்கொண்டன. மொக்கராசு ஒவ்வொரு ஓடாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எதிலும் பொட்டு இல்லை.

மறுநாள் விடிந்தபோது கூடையில் பொரிக்காமல் மிச்சமிருந்தது அந்த ஒரு முட்டைதான்.

குஞ்சுகள் கூடை விளிம்பில் ஏறித் தரையில் குதித்தன. குதித்துவிட்டு, அம்மா எங்கே என்று கத்தின. கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. கொக் கொக் என்று குரல் கொடுத்துக்கொண்டு எழுந்து இறங்கியது.

மொக்கராசு அதைத் தூக்கித் திரும்ப முட்டை மேல் வைத்தார். அது இறங்கியது. மறுபடியும் வைத்தார். புறங்கையில் ரத்தம் வருகிற மாதிரி கொத்திவிட்டு இறங்கியது. ஒரே ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் உட்காரக் கூடாதா என்று அவருக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. பஞ்சாரக் கூண்டை எடுத்துவந்து கூடையோடு கோழியைப் போட்டுக் கவிழ்த்தார். மேலே ஒரு கல்லையும் ஏற்றினார்.

குஞ்சுகள் வெளியே நின்றன. மூங்கில் பின்னலைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தின. உள்ளே கோழி இறக்கையால் அடித்தது. குஞ்சுகளுக்கு நாமே நொய் வைத்துக்கொள்ளலாம், அதுகளுக்கு என்ன குறை என்று சொல்லிக்கொண்டு மொக்கராசு அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது சாமி பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கோழி எங்கண்ணே?"

"உள்ளே இருக்கு சாமி."

"குஞ்சு?"

மொக்கராசு எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. கொட்டகை ஓட்டின் மேல் ஒரு காக்கா அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த நொய் தரையில் கொட்டியது.

சாமி கல்லை இறக்கிவைத்துவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினார். கோழி பாய்ந்து வெளியே வந்து இறக்கையை விரித்தது. குஞ்சுகள் எல்லாம் அதற்குள் போய் மறைந்துகொண்டன. கொஞ்ச நேரம் கழித்து அது அவற்றைக் கூட்டிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் நடந்தது.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையே சாமி. இதுவும் ஒரு தாயா?"

"குஞ்சு கத்துச்சு. அதுக்குக் கேட்டுச்சு" என்றார் சாமி.

மொக்கராசு குனிந்து முட்டையை எடுத்தார். இன்னும் சூடு இருந்தது. வேட்டி மடிப்பில் பொதிந்து அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வெயில் விழுகிற சுவரோரமாகப் போய்க் குந்தினார். இனிமேல் இந்தக் கோழியை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே அடை இருந்துகொள்கிறேன் என்றார்.

ஒரு கையால் கஞ்சி குடித்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார். அந்தக் கேள்வியைக்கூடக் கேட்க மறந்துபோனார்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் கோகிலா வந்தாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தாள். வயிற்று வலியா, என்ன ஆச்சு என்று கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மொக்கராசு மெல்ல மடியை விலக்கி முட்டையைக் காட்டினார். பொட்டைக் காட்டினார். அது யார் என்றும் சொன்னார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை மகளிடம் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். ஆண்டிபட்டியிலிருந்து நாளைக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அம்மா ஒற்றை ஆளாக நின்று எல்லாம் செய்துகொண்டிருக்கிறாள். தட்டு மாற்ற அப்பா இல்லாவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இது மூன்றாவது இடம்.

"அண்ணன் வரட்டும்மா" என்றார் மொக்கராசு.

கோகிலா தரையைப் பார்த்தாள்.

"அண்ணன் போனப்ப நானும் போயிட்டேனாப்பா? நான் வீட்லதானே இருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாயங்கால பஸ்தான் கடைசி பஸ், அதுவரைக்கும் புளியமரத்தடியில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் சாய்ந்தது. மொக்கராசு இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்திருந்தது. கை முட்டையை விட மறுத்தது. மரத்தடியில் நிற்கிற மகளைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார்.

சாமி வந்து எதிரே நின்றார்.

"நான் எந்திரிச்சா அவனைக் கைவிட்ட மாதிரி ஆயிரும் சாமி. ஏற்கனவே ஒரு தடவை கைவிட்ட பாவி நான்."

சாமி அவர் பக்கத்தில் அதே சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காவி வேட்டியை மடியில் குழிவாக விரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"இங்கே கொடுங்க."

மொக்கராசு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். தடவித் தடவிப் பொட்டு பாதி அழிந்திருந்தது. சாமி அதை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"சூடு குறையக் கூடாது சாமி."

"குறையாது."

"ராத்திரி பனி இறங்கும்."

"போர்த்திக்கிறேன்."

"இடி இடிச்சா?"

"அந்த இரும்புத் துண்டை எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க."

மொக்கராசு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நொண்டி நொண்டிப் போய்க் கூடையிலிருந்து இரும்புத் துண்டை எடுத்துவந்தார். சாமி அதை வாங்கித் தன் தொடையோரம் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு இப்படி உட்கார்ந்திருப்பீங்க சாமி?"

"அது என் பாடு."

மலைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. புளியமரத்தடியிலிருந்து அப்பா என்று ஒரு குரல் வந்தது. மொக்கராசு ஓரடி வைத்தார். மறுபடி நின்று திரும்பினார்.

"பொரிக்குமா சாமி? வருவானா?"

சாமி மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைக் கூப்பிடுதுண்ணே. கேக்குதா?"